பிஏ சீட் கிடைக்கலைன்னா நர்சிங் எடுத்துக்கலாமா? ஏற்காட்டுல இருந்து ஒரு கேள்வி

காப்பிப்பூ (இரவு 8.40)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஊரு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சேன், உயிரியல் குரூப், கட்ஆஃப் 171. எங்க வீட்டுல காலேஜ் படி ஏறப்போற முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கு. அம்மா எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போவாங்க.

எனக்கு பிசிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமா பிஏ, படிக்கணும்னு ஆசை. டாக்டருக்குக் கீழ இருந்து நோயாளிகளைப் பாக்கற வேலை. ஊர்ல பிஏன்னு சொன்னா "தமிழா, வரலாறா"ன்னு கேக்குறாங்க. அதைச் சொல்லிப் புரிய வைக்கிறதே பெரும்பாடு.

போன கார்த்திகையில எங்க அப்பாயிக்குச் சர்க்கரைப் புண் முத்திப்போய் கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிடுச்சு. சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில காப்பீட்டுத் திட்டத்துல பதினோரு நாள் இருந்தோம். கூட இருந்தது நான்தான். தினமும் காலையில ஏழு மணிக்கெல்லாம் ஒரு அக்கா வருவாங்க. டாக்டர் ரவுண்ட்ஸுக்கு முன்னாடியே கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு, காய்ச்சல் உண்டான்னு எல்லாம் எழுதி வெச்சுக்குவாங்க. ஒரு நாள் மருந்துச் சீட்டோட பின்பக்கத்துல காலோட ரத்தக்குழாயை வரைஞ்சு, எங்க அடைச்சிருக்கு, ஏன் விரலை எடுக்கணும்னு அப்பாவுக்குச் சொன்னாங்க. அப்பா அந்தச் சீட்டை இன்னும் சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கார். அவங்களை டாக்டர்னே நெனச்சிருந்தேன். "நான் பிஏ"ன்னாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா அரசுக் கல்லூரில பிஏ சீட் கொஞ்சம்தான். தனியார்ல கட்ட எங்களால ஆகாது. ஸ்கூல்ல ஒரு சார், "நர்சிங்கை பேக்கப்பா வெச்சுக்கோ, முடிச்சுட்டு பிஏவுக்குத் தாவிக்கலாம்"னு சொன்னார். அது நடக்குமாங்க?

மூணாவது ஷிப்டு (இரவு 9.55)

கண்ணு, நான் நர்ஸ் வேலைக்கு வந்து இருபத்திமூணு வருஷம் ஆச்சு. சேலம்தான். நேரா பதில் சொல்லிடறேன், அப்புறம் மத்ததைப் பேசலாம்.

தாவ முடியாது. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். பி.எஸ்சி. பிஏ மூணு வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டெர்ன்ஷிப், அதுவும் நாலு. ரெண்டும் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழதான் வருது, ஆனா தனித்தனிப் பட்டம். நர்சிங் முடிச்சுட்டுப் போனா பிஏவுல ரெண்டாவது வருஷத்துல உக்கார வைக்க மாட்டாங்க. திரும்ப உடற்கூறியல், உடலியங்கியல்னு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பதினெட்டு வயசுல எட்டு வருஷத்துக்குத் திட்டம் போடாத.

இப்ப அந்த "பேக்கப்". அது உன் வார்த்தை இல்ல, உங்க சாரோட வார்த்தை. அதனால உன்மேல வருத்தம் இல்ல. ஆனா இந்த வேலையை அந்த மனசோட எடுக்கறவங்க என்ன ஆறாங்கன்னு நிறையப் பாத்துட்டேன்.

ஒரு ராத்திரி சொல்றேன். முப்பது கட்டில் வார்டு, நானும் இன்னொரு சிஸ்டரும். மணி ரெண்டரை. வயித்துல ஆபரேஷன் பண்ணின ஒரு பெரியவர், சாயங்காலம்தான் வார்டுக்கு வந்தார். பிபி 110 இருக்கு. ட்ரிப்ஸ் ஒழுங்கா இறங்குது. "ஒண்ணுமில்ல சிஸ்டர், தூக்கம்தான் வரல"ங்கறார். ஆனா கை சும்மா இல்ல, போர்வை ஓரத்தைக் கிள்ளிக்கிட்டே இருக்கு. நெத்தியைத் தொட்டேன், சில்லுனு ஈரம். நாடி 124. கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு, வயித்துல இருந்து கசியறதைக் குழாய் வழியாச் சேக்கற டிரெயின் பையைப் பாத்தா, பத்து மணிக்குக் காலி பண்ணின பை பாதிக்கு மேல ரத்தம். உள்ள ரத்தம் போயிட்டே இருந்தாலும் உடம்பு கொஞ்ச நேரம் பிபியைத் தாங்கிப் பிடிக்கும். விட்டா மொத்தமா விட்டுடும். டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, ரத்தத்துக்குச் சொல்லி, மூணே காலுக்குத் தியேட்டருக்குள்ள தள்ளிட்டோம். எட்டாவது நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

கேஸ் ஷீட்டுல அன்னிக்கு ராத்திரி நான் எழுதினது நாலு வரி. பேக்கப்னு வந்தவ பிபி 110ன்னு எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பா.

உன்கிட்ட ஒண்ணு கேக்குறேன். பதினோரு நாள் கூட இருந்தியே, ராத்திரியில உங்க அப்பாயியை யார் பாத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?

ஐந்து ரோடு (இரவு 10.30)

தங்கச்சி, நான் பிஏதான். இதய அறுவை சிகிச்சைப் பிரிவுல ஒன்பது வருஷமா இருக்கேன். நீங்க பாத்த அந்த அக்கா செஞ்சதுதான் எங்க வேலையோட பாதி. நோயாளி சொல்றதை முழுசாக் கேட்டு எழுதறது, ரிப்போர்ட் எல்லாம் சேர்க்கறது, டாக்டருக்குச் சுருக்கமாச் சொல்றது, வீட்டு ஆளுங்களுக்கு விளக்கறது, டிஸ்சார்ஜ் சம்மரி. மீதிப் பாதி தியேட்டர்ல. பைபாஸ் நடக்கும்போது சர்ஜன் நெஞ்சைத் திறப்பார், அதே நேரத்துல நான் கால்ல இருந்து ரத்தநாளத்தை எடுத்துக் கொடுப்பேன். ஒரு சின்னக் கிளையைக் கட்டாம விட்டாலும் அது அப்புறம் கசியும். கையில அந்தப் பொறுமை வர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

இந்தப் படிப்பு நம்ம நாட்டுக்கு வந்ததே இதய அறுவை சிகிச்சை வழியாத்தான். 1992ல சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே.எம். செரியன் ஆரம்பிச்சார். 2021ல மத்திய அரசு துணை மருத்துவப் பணிகளுக்குன்னு தனிச் சட்டம் கொண்டுவந்துச்சு. அந்தப் பட்டியல்ல பிசிஷியன் அசோசியேட்ங்கற பேர்ல நாங்களும் இருக்கோம். அதுக்கு முன்னாடி "உங்க கவுன்சில் எது"ன்னு யாராவது கேட்டா பதில் சொல்ல ஒண்ணும் இருக்காது. சிஸ்டருக்கு நர்சிங் கவுன்சில் நம்பர் இருக்கும், என்கிட்ட சர்டிபிகேட் மட்டும்தான் இருக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். நாங்க தனியா மருந்து எழுத முடியாது, தனியா கிளினிக் வைக்க முடியாது. ஒரு டாக்டருக்குக் கீழதான். அந்த டாக்டர் கத்துக்கொடுக்கறவரா இருந்தா வேலை அருமையா இருக்கும். இல்லைன்னா வருஷக்கணக்கா டிஸ்சார்ஜ் சம்மரி டைப் பண்ணிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். என்கூடப் படிச்ச ரெண்டு பேர் அப்படியே சலிச்சு மருந்துக் கம்பெனிக்குப் போயிட்டாங்க. நர்சுக்கு இருக்கற அளவுக்கு அரசுப் பணியிடமும் எங்களுக்குக் கிடையாது.

மூணாவது ஷிப்டு (இரவு 10.48)

தம்பி உண்மையைப் பேசறார், சந்தோஷம். என் பக்கமும் சொல்லணும். அரசு வேலைன்னு நர்சிங்குக்கு வந்து, 2015ல எம்ஆர்பி, அதான் அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி ஒப்பந்தத்துல சேந்த பிள்ளைங்க 7,700 ரூபாய்க்கு வேலை பாத்தாங்க. நிரந்தரம் கேட்டு எத்தனை தடவை சென்னையில ரோட்டுல உக்காந்தாங்க. கைக்குழந்தையோட உக்காந்தவளை எனக்குத் தெரியும். அரசு வேலையை நம்பி மட்டும் இந்தப் பக்கம் வராத கண்ணு.

சேர்வராயன் (இரவு 11.05)

171 நல்ல மார்க். ஒரு வருஷம் நீட்டுக்குப் படிச்சு எம்பிபிஎஸ் போகலாமே? பழங்குடி ஒதுக்கீடும் இருக்கு.

காப்பிப்பூ (இரவு 11.20)

அதையும் யோசிச்சேங்க. ஒரு வருஷம் கீழ ஹாஸ்டல்ல தங்கி கோச்சிங் போக வீட்டுல தாங்காது. தம்பி பத்தாவது படிக்கிறான். எனக்கு இந்த வருஷமே சேரணும்.

அக்கா கேட்டதுக்கு நாளைக்கு அப்பாயிகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன். எனக்கு உண்மையாவே ஞாபகம் இல்ல.

வெள்ளிக் கொலுசு (காலை 6.15)

இதை அவசியம் படிங்க. எங்க வீட்டுல நடந்தது.

நாங்க செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், கொலுசுப் பட்டறை வேலை. என் மகளும் இதே மாதிரித்தான். மனசுல பிஏ, கையில நர்சிங். கவுன்சிலிங் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு, தனியார்ல சீட் தீந்துடும்னு பயமுறுத்தினாங்க. ஒரு நர்சிங் காலேஜ்ல முதல் வருஷப் பணத்தைக் கட்டிச் சேத்துட்டேன். டிசி, பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், எல்லாம் அசல்ல வாங்கி ஒரு கவர்ல போட்டு பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க. அந்தச் சாவி திரும்பினது இன்னும் கண்ணுலயே இருக்கு.

ஆறு வாரம் கழிச்சு அவளுக்கு அரசுக் கல்லூரில பிஏ சீட் வந்துச்சு. ஓடிப்போய்க் கேட்டா, "மீதி மூணு வருஷப் பணத்தையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க"ங்கறாங்க. சேர்றதுக்குக் கொடுத்த தேதி நாலு நாள்தான். அசல் இல்லாம அங்க சேக்க மாட்டாங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன், வக்கீல் ஒருத்தரையும் பாத்தேன். அசல் சான்றிதழைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லயே சொல்லியிருக்குன்னு அவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடுதாசிக்குப் பின்னாடிதான் கவர் வெளிய வந்துச்சு, ஒன்பதாவது நாள். சீட் போயிடுச்சு.

மக அதே நர்சிங் காலேஜுக்குத் திரும்பிப் போனா. இப்ப மூணாவது வருஷம். நல்லாப் படிக்கிறா, ஆனா அந்த நாலு நாளைப் பத்தி வீட்டுல யாரும் பேசறதில்ல. ரெண்டு படகுல கால் வெக்கிறதா இருந்தா, முதல் படகுக்காரன் கையில கயித்தைக் கொடுத்துட்டு வெக்காதீங்க.

அஸ்தம்பட்டி அண்ணன் (காலை 7.40)

கொலுசுக்கார அண்ணா, மனசு கனத்துப் போச்சு.

பாப்பா, இதுக்குத்தான் அரசு கவுன்சிலிங். மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக் குழு துணை மருத்துவப் பட்டப்படிப்புன்னு ஒரே விண்ணப்பம் கொடுக்குது. பி.எஸ்சி. நர்சிங், பிஏ, டயாலிசிஸ், ரேடியாலஜி, பார்மசி எல்லாமே அதுக்குள்ளதான். பன்னெண்டாவது மார்க்கை வெச்சுத்தான் தரவரிசை. அப்ப உங்களுக்கு ரெண்டு தனித்தனிப் போராட்டம் கிடையாது, ஒரே பட்டியல்ல எதை முதல்ல வைக்கிறீங்கங்கறதுதான் கேள்வி. நிறையப் பேர் பிஏவை முதல்ல போடறாங்க, ரெண்டாவது மூணாவதுல பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எல்லாம் போட்டு, வேண்டாத சீட்டை வாங்கிட்டு அழறாங்க. வந்தா சேருவேன்னு மனசு சொல்ற இடத்தை மட்டும் போடுங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நம்ம சேலத்துல ஐந்து ரோட்டுல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் "ஒரு வருட நர்சிங், உடனடி வேலை"ன்னு போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. மலைக்கு மேலயும் வந்து நோட்டீஸ் கொடுக்கறாங்க. ஒரு வருஷத்துல நர்ஸ் ஆக முடியாது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சில்ல பதிவு பண்ணணும்னா ஜிஎன்எம் டிப்ளமா மூணு வருஷம், இல்லைன்னா பி.எஸ்சி. நாலு வருஷம். அந்த ஒரு வருஷப் படிப்பு முடிச்ச பிள்ளைங்க வெள்ளை யூனிபார்ம் போட்டுக்கிட்டு நர்ஸ் வேலையையே செய்வாங்க, சம்பளம் மட்டும் உதவியாளர் சம்பளம், கடைசி வரைக்கும். வெளிநாடும் கிடையாது, எம்ஆர்பியும் கிடையாது. நாலு பேரை நானே பாத்திருக்கேன், நாலும் மலைக்கிராமத்துப் பொண்ணுங்க.

ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில இப்பவே போட்டு வைங்க.

ஓமலூர் டு ஹூஸ்டன் (காலை 9.10)

யாரும் வெளிநாட்டைப் பத்தி எழுதலை, அதனால நான் எழுதறேன். பேக்கப்ங்கற பேச்சே பாதி அங்க இருந்து வந்ததுதான்.

நான் சேலத்துல நர்சிங் படிச்சேன், கல்ஃப்ல ஆறு வருஷம் இருந்தேன், இப்ப அமெரிக்காவுல ஐசியு நர்ஸ். இங்க பிஏன்னா ஒரு டிகிரிக்கு மேல படிக்கற முதுகலை, ஏறக்குறைய 27 மாசம். சேர்றதுக்கு முன்னாடி நோயாளிகளைத் தொட்டு வேலை பாத்த அனுபவம் கேப்பாங்க. நிறைய காலேஜ்ல ஆயிரம் மணி நேரத்துக்கு மேல. நர்சா வேலை பாத்தது அதுல அப்படியே சேரும். அதனால இங்க "நர்சிங் வழியா பிஏ"ங்கறது நிஜமான பாதை. யாரோ யூடியூப்ல அதைச் சொல்ல, உங்க சார் நம்ம ஊருக்கும் அதுதான்னு நெனச்சிருப்பார்.

நம்ம ஊர் பி.எஸ்சி. பிஏ முடிச்சுட்டு இங்க வந்து பிஏவா வேலை பாக்க முடியாது. இங்க இருக்கற லைசென்ஸ் தேர்வு பேன்ஸ். அதை எழுதவே இங்க அங்கீகாரம் வாங்கின காலேஜ்ல படிச்சிருக்கணும். பேர் ஒண்ணுதான், கதவு வேற. நர்சுக்கு அப்படி இல்ல. நம்ம ஊர் பி.எஸ்சி. நர்சிங்கை வெச்சு நர்சுக்கான லைசென்ஸ் தேர்வு என்கிளெக்ஸ் எழுதலாம். ஆனா நிரந்தரமாத் தங்கறதுக்கான கிரீன் கார்டு வரிசை இந்தியாவுல பிறந்தவங்களுக்கு வருஷக்கணக்கு. ஏஜென்ட் "ஆறு மாசத்துல அமெரிக்கா"ன்னா நம்பாதீங்க. ஜெர்மனிக்குப் போறதுன்னா நம்ம அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அங்க முதல்ல விசாரிங்க.

இங்கிலாந்துலயும் பிஏ இருக்காங்க. 2024 டிசம்பர்லதான் அவங்களை மருத்துவக் கவுன்சில் பதிவுக்குள்ள கொண்டுவந்தாங்க. 2025ல அரசு வெச்ச ஆய்வு, அசோசியேட்ங்கற பேர் நோயாளிகளைக் குழப்புது, அசிஸ்டென்ட்னு மாத்துங்கன்னு சொல்லுச்சு. அங்க இன்னும் காத்து அடங்கலை.

ஒரு பழைய கதை. இங்க டியூக் பல்கலைக்கழகத்துல டாக்டர் யூஜின் ஸ்டெட்னு ஒருத்தர்தான் 1965ல முதல் பிஏ வகுப்பை ஆரம்பிச்சவர். கடற்படையில மருத்துவ உதவியாளரா இருந்தவங்களை எடுத்தார், 1967ல மூணு பேர் பட்டம் வாங்கினாங்க. ஆனா அவர் முதல்ல தேடிப்போனது நர்சுகளைத்தான். 1950கள் கடைசில தெல்மா இங்கிள்ஸ்ங்கற நர்சிங் பேராசிரியையோட சேந்து, நர்சுகளுக்கு மேல்மருத்துவப் பயிற்சி ஒண்ணு உருவாக்கினார். நர்சிங் அமைப்பு அங்கீகாரம் தர மறுத்துச்சு. அன்னிக்கு அது ஒத்துக்கிட்டிருந்தா பிஏங்கற தனி ஜாதியே பிறந்திருக்காதோன்னு ஐசியுவுல எங்க பிஏவோட நின்னு பேசறப்பல்லாம் எனக்குத் தோணும். ரெண்டும் ஒரே வயித்துல உருவான பிள்ளைங்கதான்.

ஐந்து ரோடு (காலை 9.45)

இது எனக்கே புதுசு அண்ணா. நன்றி.

மூணாவது ஷிப்டு (மதியம் 2.20)

தூங்கி எந்திரிச்சு இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு விட்டுப்போச்சு. கண்ணு, உனக்கு அந்த பிஏ அக்காகிட்ட பிடிச்சது என்னன்னு பாரு. யோசிச்சு, கண்டுபிடிச்சு, விளக்கறது. நர்சிங்குலயும் அதுக்கு மேல்படி இருக்கு. பி.எஸ்சி. முடிச்சு ஒரு வருஷம் வேலை பாத்தப்புறம், நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர்னு ரெண்டு வருஷ முதுகலை. இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியிலயே வேலை பாத்துக்கிட்டே படிக்கறது. தாவறதுன்னா அதுக்குத் தாவு.

காப்பிப்பூ (மறுநாள் இரவு 8.15)

அப்பாயிகிட்ட கேட்டேன் அக்கா. காலையில வந்து படம் வரைஞ்ச பொண்ணை நல்லா ஞாபகம் இருக்குன்னாங்க. அப்புறம் அவங்களா சொன்னாங்க, "ராத்திரி ராத்திரி ஒரு குட்டைப் பொண்ணு வருவா. லைட்டைப் போட மாட்டா. செல் வெளிச்சத்தைப் போர்வைக்குள்ள பிடிச்சுக்கிட்டு மீதி நாலு விரலையும் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாப்பா. சூடு இருக்கா, நிறம் திரும்புதான்னு பாக்குறேன்னு சொல்லுவா. நீ கட்டிலுக்குக் கீழ பாயில தூங்கிட்டிருப்ப. உன்னைத் தாண்டித் தாண்டித்தான் போவா."

பதினோரு ராத்திரியும் வந்திருக்காங்க. ஒரு நாள்கூட நான் முழிக்கல. நான் பாத்தது பகலை மட்டும்தான்.

இன்னைக்கு அப்பாவும் நானும் முதல் பஸ்ஸுக்குக் கீழ இறங்கி, கோரிமேட்டுல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து பட்டியலை எழுதிப் பாத்தோம். முதல்ல அரசுக் கல்லூரி பிஏ. அடுத்தது அரசு நர்சிங், சேலம், அப்புறம் பக்கத்துல இருக்கற ஊரா. தனியார் ஒண்ணுகூடப் போடல. டயாலிசிஸும் ரேடியாலஜியும் போடலாம்னு சென்டர் அண்ணன் சொன்னார், வேண்டாம்னுட்டேன். நர்சிங் வந்தா சேந்துடுவேன். அதுக்கப்புறம் பிஏவைத் தேட மாட்டேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.

அப்பாவுக்கு ஒரு கேள்வி இருக்காம். அரசுக் கல்லூரியிலயும் அசல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்குவாங்களான்னு கேக்குறார். கொலுசுக்கார ஐயா எழுதினதைப் படிச்சுக் காட்டினதுல இருந்து அவருக்குத் தூக்கம் இல்ல.

வெள்ளிக் கொலுசு (இரவு 8.50)

அசலைக் கேப்பாங்கம்மா, சரிபாக்கணும்ல. எங்க கொடுத்தாலும் எது எது கொடுத்தீங்கன்னு எழுதி, சீல் வெச்சு, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அசல் ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணி வெச்சுட்டு, அஞ்சு செட் ஜெராக்ஸ் போட்டு அதுல ரெண்டை வீட்டுலயே வெச்சிடுங்க. அப்பாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க.

மூணாவது ஷிப்டு (இரவு 9.05)

டூட்டிக்குக் கிளம்பிட்டேன் கண்ணு. அந்தக் குட்டைப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தனியா எழுது. சேலத்து சிஸ்டருங்க பாதிப் பேரை எனக்குத் தெரியும். அப்பாயி சொன்னதை அவகிட்ட போய்ச் சேத்துடறேன்.